பெயர் சொல்லாச் சட்டங்கள்

சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறி, அதனால் முதற்பயன் அடைகிறவர் இன்னார்தான் என்று ஊரெல்லாம் அறிந்திருக்கும் சமயத்திலும், அதை ஆக்ஷேபித்து எழுந்தவரை நோக்கி நம் நாட்டுச் சட்ட வல்லுநர்களும் பத்திரிகாசிரியர்களும் வழக்கமாகக் கூறும் சமாதானம் ஒன்று உண்டு. சட்டத்தின் வாசகத்தில் எவருடைய பெயரும் இல்லை. ‘வேட்பாளர்’ என்றும், ‘பதவி வகிப்பவர்’ என்றும், ‘கல்லூரி’ என்றும் பொதுவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இன்று ஒருவருக்குப் பயன்படுவது நாளை நூறு பேருக்குப் பயன்படும். மேலும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் உள்நோக்கத்தை ஆராயக் கோர்ட்டுகளே மறுக்கும்போது மற்றவர்கள் ஆராய முற்படுவது முறையன்று. ஆகையால் வாசகம் பொதுவாக இருந்தால் சட்டமும் பொதுவானதே என்பது அந்தச் சமாதானத்தின் சாரம். இதைச் சொல்கிறவர்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அரசியல் சாசனத்தை ஆழ்ந்து பயின்றவர்கள் அவர்கள். தனி மனிதர் ஒருவரின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிக்கொண்டு ஒரு சட்டம் வருமானால், அதைக் கண்டிப்பதில் முன்வரிசையில் நிற்பவர்களும் அவர்களே.

இந்த அபிப்பிராயம் மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், அடிப்படையிலேயே பிழையானது என்பதுதான் இக்கட்டுரையின் கட்சி. பெயரைச் சொல்லிச் செய்யப்பட்ட சட்டத்தால் அநீதி விளையுமானால், அந்த அநீதியைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு அது வருகிறது. எதிர்ப்பவருக்கு எதை எதிர்க்கிறோம் என்பது தெரிகிறது, நீதிபதிக்கு எதை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பது தெரிகிறது. பெயரை விட்டுவிட்டு அங்க அடையாளங்களை மட்டும் சொல்லிச் செய்யப்பட்ட சட்டமோ, அதே காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, பொதுச்சட்டம் என்ற கௌரவத்தோடு சட்டப் புத்தகத்தில் நிரந்தரமாக அமர்ந்துவிடுகிறது. இரண்டில் எது அதிக அபாயகரமானது என்பதை நம் குடியரசின் சொந்த அனுபவத்தைக் கொண்டே நிர்ணயித்துவிடலாம்.

பீகாரின் சம்பாரண் ஜில்லாவில் பேத்தியா ஜமீன் என்ற பெரிய எஸ்டேட், ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்னும் சர்க்கார் நிர்வாகத்தின் கீழ் நெடுங்காலமாக இருந்துவந்தது. 1946-இல் அந்த நிர்வாகம், சாத்தி என்னும் பண்ணையில் 200 பிகா நிலத்தை, வழக்கமாக வாங்கும் சலாமி என்னும் முன்பணத் தொகையில் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டு, இருவருக்குச் சாகுபடி உரிமையாக அளித்தது. இந்தச் சலுகையை எதிர்த்து ஜனங்களிடையே கிளர்ச்சி எழுந்தது. காங்கிரஸ் காரியக் கமிட்டியும் இது சட்டத்துக்கும் பொதுக்கொள்கைக்கும் விரோதமானது என்று கருதி, நிலம் திரும்பப் பெறப்படவேண்டுமென்று சிபாரிசு செய்தது. நிலம் பெற்றவர்கள் அதைத் திருப்பித்தர மறுக்கவே, பீகார் சட்டசபை 1950-இல் ‘சாத்தி நிலங்கள் மீட்புச் சட்டம்’ என்று ஒன்றைச் செய்து, அந்த ஒரு பத்திரத்தை மட்டும் ரத்து செய்தது. ஜனங்களின் கோபத்தில் நியாயமில்லை என்று எவரும் சொல்லமுடியாது. ஆயினும், பத்திரம் செல்லாது என்று எஸ்டேட் கருதியிருந்தால் ஏழை உழவனுக்கும் பெரிய ஜமீனுக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் சிவில் கோர்ட்டின் படியேறியிருக்கலாம்; அந்த வழியை விட்டு, வாதியே தீர்ப்பையும் எழுதிக்கொள்வதற்குச் சமமான காரியத்தைச் சட்டசபை செய்தது. 1953-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைச் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தள்ளியபோது, பிரதம நீதிபதியாக இருந்த பதஞ்சலி சாஸ்திரி, இத்தகைய சட்டங்கள் சட்ட ஆட்சியின் ஜீவசக்தியையே உறிஞ்சிவிடும் என்று எச்சரித்து, நம் ஜனநாயகம் இந்த வழியில் செல்லாது என்று தாம் நம்புவதாகத் தெரிவித்தார். ஹைதராபாத்தில் வலியுத்தௌலா என்னும் பிரபுவின் சொத்துக்காக ஆண்டுக்கணக்கில் நடந்துவந்த வாரிசு வழக்கில், ஒரு தரப்பாரின் உரிமையை அடியோடு தள்ளுபடி செய்து அதே 1950-இல் செய்யப்பட்ட சட்டத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

பெயர் சொல்லும் சட்டங்கள் எல்லாமே வீழ்ந்தன என்றும் கூறுவதற்கில்லை. சோலாப்பூர் நூற்பு நெசவு ஆலை 1949 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, துணித் தட்டுப்பாடும் தொழிலாளரின் பட்டினியும் சேர்ந்து நிர்ப்பந்திக்க, மத்திய சர்க்கார் அந்த ஒரு கம்பெனிக்கென்றே 1950-இல் அவசரச் சட்டமும் பின்னர் முறையான சட்டமும் கொண்டுவந்து நிர்வாகத்தைக் கையேற்றது. பங்குதாரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். தனியொரு கம்பெனியும் விசேஷ நிலைமை காரணமாகத் தானே ஒரு வகுப்பாக நிற்கமுடியும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டனர். பதஞ்சலி சாஸ்திரியும் எஸ். ஆர். தாஸும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1953 டிசம்பரில், அதே சட்டம் நஷ்டஈடின்றிச் சொத்தைப் பறிக்கிறது என்ற வேறொரு காரணத்தால் அதே கோர்ட்டில் வீழ்ந்தது. சட்டத்தின் தலைப்பிலேயே கம்பெனியின் பெயர் இருந்தபடியால்தான், அந்தக் கம்பெனிக்கு மட்டும் ஏன் இந்த விசேஷ ஏற்பாடு என்ற கேள்வியை எவரும் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று; சர்க்கார் காரணம் சொல்லவேண்டியிருந்தது, சொன்ன காரணம் வரிக்கு வரி சோதிக்கப்பட்டது.

இனி, பெயர் சொல்லாத சட்டத்துக்கு வருவோம். 1971 மார்ச்சில் ராய் பரேலி தொகுதியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றியை எதிர்த்து ராஜ் நாராயண் தொடுத்த மனுவில், அலகாபாத் ஹைகோர்ட்டு நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, 1975 ஜூன் 12 அன்று அத்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். பிரதம மந்திரியின் செயலகத்தில் இருந்த கெஜட்டட் அதிகாரி ஒருவர் பதவியிலிருந்து விலகுவதற்கு முன்பே அவருக்காகத் தேர்தல் வேலை செய்தார் என்பதும், பிரசாரக் கூட்டங்களுக்கு மேடை அமைக்கவும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரவும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் உதவி பெறப்பட்டது என்பதும் தீர்ப்புக்கு ஆதாரங்கள். ஜூன் 24 அன்று நீதிபதி கிருஷ்ண ஐயர் நிபந்தனையுடன் கூடிய தடையுத்தரவு வழங்கினார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. அப்பீல் விசாரணை ஆகஸ்ட் 11-ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்களில் பலர் சிறையில் இருந்த பார்லிமெண்டில், அரசியல் சாசனத்தின் 39-ஆவது திருத்தம் ஆகஸ்ட் 7 அன்று லோக் சபையிலும், 8 அன்று ராஜ்ய சபையிலும் நிறைவேறி, 9 அன்று மாநிலச் சட்டசபைகளின் சம்மதத்தையும், 10 அன்று, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், ஜனாதிபதியின் ஒப்புதலையும் பெற்றது. அதன் வாசகத்தில் இந்திரா காந்தி என்ற பெயர் எங்கும் இல்லை. தேர்தலின்போது பிரதம மந்திரியாக இருந்தவரோ அல்லது பின்னர் அப்பதவிக்கு வந்தவரோ, சபாநாயகரோ, அவர்களுடைய தேர்தலைப் பழைய சட்டங்கள் கட்டுப்படுத்தமாட்டா. கோர்ட்டு அதைச் செல்லாதென்று தீர்த்திருந்தாலும் அந்தத் தீர்ப்பே செல்லாது. தேர்தல் செல்லும் என்று அது விதித்தது.

இந்த விதியை 1975 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்ததை நம்மவர்கள் பெருமிதத்துடன் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பெருமிதத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் பிரதம மந்திரியின் தேர்தலைக் காப்பாற்றியது அந்த விதி அன்று என்பதை அவர்கள் சொல்வதில்லை. சாசனத் திருத்தத்துக்குச் சில நாள் முன்பாகவே, எவருடைய ஆத்திரத்தையும் அதிகம் கிளப்பாமல், தேர்தல் சட்டத் திருத்தம் ஒன்றும் நிறைவேறியிருந்தது. ‘வேட்பாளர்’ என்பதன் பொருள் அதில் மாற்றப்பட்டது. பழைய சட்டப்படி ஒருவர் தேர்தலில் நிற்கப்போவதாகத் தம்மை வெளிப்படுத்திக்கொண்ட நாளிலிருந்தே வேட்பாளர் ஆகிவிடுவார். 1970 டிசம்பர் 29-ஆம் தேதியன்று இந்திரா காந்தி பத்திரிகையாளரிடம் பேசியதைக் கொண்டு, அன்றிலிருந்தே அவர் வேட்பாளர் என்று ஹைகோர்ட்டு நிர்ணயித்திருந்தது. புதிய வாசகமோ, முறைப்படி வேட்புமனு அளித்தவரையே வேட்பாளர் என்றது. மனு தாக்கலானது 1971 பிப்ரவரி 1. அந்த அதிகாரியின் ராஜிநாமா அமலுக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட ஜனவரி 14-ஆம் தேதி, இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கிறது. உத்தியோகஸ்தர் ஒருவர் விலகிய தேதிக்கு சர்க்கார் கெஜட்டின் அறிவிப்பே முடிவான சாட்சி என்றும், கடமை காரணமாக உத்தியோகஸ்தர்கள் செய்யும் ஏற்பாடுகள் வேட்பாளருக்குச் செய்த உதவி ஆகா என்றும் சேர்ந்த விதிகள், ஹைகோர்ட்டுத் தீர்ப்பின் ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றாக வெட்டின. எல்லாவற்றுக்கும் பூர்வகாலத்திலிருந்தே அமல் கொடுக்கப்பட்டது. இந்தத் திருத்தங்கள் இந்தியாவின் சகல வேட்பாளர்களுக்கும் பொதுவானவை, முன்தேதியிட்டுச் சட்டம் செய்யும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டு என்று கூறி, ஆணவமான சாசன விதியை ரத்து செய்த அதே நீதிபதிகள் இவற்றை ஏற்றுக்கொண்டனர். ஏற்றுக்கொண்டு, அவற்றின்படியே அந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்த்தனர்.

நம் வாதத்தின் மையம் இதுதான். பொதுச்சொற்களால் ஆன சட்டம் தன்னிலே நடுநிலையானது என்ற கொள்கைக்கு இதைவிடப் பலமான மறுப்பு வேறு வேண்டுவதில்லை. ‘இன்ன பதவியில் இருந்தவர்’ என்று ஏறக்குறைய பெயர் சொன்ன விதி, வெளிப்படையாக இருந்த ஒரே காரணத்தால் வீழ்ந்தது. ‘வேட்பாளர்’ என்று கோடிக்கணக்கானவரைக் குறிக்கும் சொல்லால் மறைந்துகொண்ட விதி, ஒரே ஒரு வழக்கின் தேதிகளைக் கணக்கிட்டு எழுதப்பட்டிருந்தபோதிலும், பொதுச்சட்டமாகத் தப்பித்தது. பிற்பாடு ஜனதா ஆட்சியின்போது, 1978-இன் 44-ஆவது திருத்தம் சாசனத்தில் எஞ்சியிருந்த பகுதியையும் நீக்கியது. நீக்குவதற்கு ஏதுவாக அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது.

சபையின் உள்நோக்கத்தை ஆராயக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்ற விதியையும் இந்த இடத்திலேயே கவனித்துவிடுவோம். அது நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட அடக்கம். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று சாட்சியம் வைத்து நிரூபிக்க முடியாது, ஒரு துறை மற்றொரு துறையின் மனச்சாட்சியை விசாரணைக் கூண்டில் ஏற்றலாகாது என்ற இரண்டு காரணங்களால் பிறந்த அந்த அடக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் கோர்ட்டு கேட்காத கேள்வியைப் பிரஜையும் கேட்கலாகாது என்று அதிலிருந்து எப்படிப் பெறமுடியும்? நீதிபதி கேட்பதற்கில்லை என்பதனாலேயே, வாக்காளனும் பத்திரிகையும், எல்லோருக்கும் முன்பாகச் சட்டசபை உறுப்பினரும், அந்தக் கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் ஆகிறார்கள். நீதிமன்றத்தின் பணிவைச் சட்டசபையின் நற்சாட்சிப் பத்திரமாக மாற்றிக்காட்டும் வாதம், படித்தவர்களின் வாயிலிருந்து வரும்போது மனம் மிகவும் நோகிறது.

நாளை நூறு பேருக்குப் பயன்படும் என்ற அடுத்த சமாதானத்தைப் பார்ப்போம். ஆதாயம் தரும் பதவி வகிக்கும் உறுப்பினர் தகுதி இழப்பார் என்பது நம் சாசனத்தின் பழைய விதி. மந்திரிசபையின் தயவில் பதவி பெற்றவர் அந்த மந்திரிசபையைத் தட்டிக்கேட்க மாட்டார் என்ற அனுபவ ஞானத்தில் பிறந்தது. 2006 மார்ச்சில், உத்தரப் பிரதேச திரைப்பட வளர்ச்சிக் கவுன்சிலின் தலைவியாக இருந்ததற்காக ஜெயா பச்சன் ராஜ்ய சபை உறுப்பினர் பதவியை இழந்தார். உடனே மற்றவர்கள் மீதும் புகார்கள் குவிந்தன. தேசிய ஆலோசனைக் கவுன்சிலின் தலைவியாக இருந்த சோனியா காந்தி லோக் சபையிலிருந்து விலகி, மறுபடி தேர்தலில் நின்று வென்று வந்தார். அவர் மக்களிடம் சென்ற வழி கௌரவமானது. பார்லிமெண்டு பின்பற்றியது வேறு வழி. ஐம்பதுக்கு மேற்பட்ட பதவிகளைப் பெயர் பெயராக அட்டவணையில் எழுதி, இவையெல்லாம் தகுதியிழப்பை உண்டாக்கமாட்டா என்றும், 1959-இலிருந்தே உண்டாக்கியதில்லை என்றும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மனிதர்களின் பெயர் அந்த அட்டவணையில் இல்லை. ஆனால் அட்டவணையில் இருந்த பதவிகளில் அப்போது யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதை டில்லியில் அறியாதவர் இல்லை.

ஜனாதிபதி அப்துல் கலாம் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். எல்லா மாநிலங்களுக்கும் ஒரேமாதிரி பொருந்தக்கூடிய, நியாயமும் தெளிவும் உள்ள பொது அளவுகோல் ஒன்றை வகுக்கக் கூடாதா என்றும், முன்தேதியிட்டு விலக்கு அளிப்பது சரியா என்றும் அவர் கேட்டார். ராமேசுவரத்திலிருந்து வந்த அந்த விஞ்ஞானி சட்டம் பயின்றவர் அல்லர். ஆயினும் சட்டம் பயின்ற பலர் காண மறுத்ததை அவர் கண்டார். பதவிகளின் பட்டியல் ஒன்றை, அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், பொதுவிதி என்று சொல்லமுடியாது. பொதுவிதிக்கு உயிர்நாடி, இது ஏன் உள்ளே, அது ஏன் வெளியே என்று பதில் சொல்லக்கூடிய ஒரு தத்துவம். பார்லிமெண்டு அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல், மசோதாவை ஓரெழுத்தும் மாற்றாமல் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. சாசனப்படி அவர் கையொப்பமிட வேண்டியதாயிற்று. 2009-இல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது.

தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் இந்த இடத்தில் உத்தரமேரூர் நினைவுக்கு வராமல் போகாது. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், அந்த ஊர்ச்சபை கோயிற் சுவரில் பொறித்துவைத்த தேர்தல் விதிகள், நிலமும் வயதும் இவ்வளவு வேண்டும் என்று தொடங்கி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனையும், அவனுடைய உறவினர்களையும், இன்ன இன்ன உறவுமுறை என்று வகைப்படுத்தி, குடவோலையிலிருந்து விலக்குகின்றன. நில உடைமையைத் தகுதியாக்கிய அச்சபையை நம் காலத்து ஜனநாயகத்துக்கு முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், அதிகாரத்தில் இருப்பவரின் நெருக்கத்தைத் தகுதியின்மைக்குக் காரணமாக்கி, அதைக் கல்லில் வெட்டி ஊரார் எல்லோரும் காண வைத்தவர்கள் அவர்கள். நம் உறுப்பினர்களின் தகுதியின்மையை நாற்பத்தேழு ஆண்டு முன்தேதியிட்டு அழித்தவர்கள் நாம்.

இரக்கத்தின் பேரில் செய்யப்படும் சட்டம் இவற்றைவிடக் கடினமான சோதனை. கேரளத்தில் இரண்டு தனியார் மருத்துவக் கல்லூரிகள் 2016-17-ஆம் ஆண்டுக்கு விதிகளை மீறி மாணவர்களைச் சேர்த்தன. கோர்ட்டுகள் அந்தச் சேர்க்கைகளை ரத்து செய்தன. மாணவர்களின் எதிர்காலம் என்னாவது என்று மாநிலம் முழுதும் அனுதாபம் எழுந்தது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை முறைப்படுத்துவது என்ற பொதுவான தலைப்புடன், இந்த இரண்டு கல்லூரிகளுக்காகவே அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் ஆளும் கட்சியும் பிரதான எதிர்க்கட்சியும் கைகோத்து மசோதாவையும் நிறைவேற்றின. கவர்னராக இருந்த சதாசிவம் ஒப்புதல் தர மறுத்தார். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவசரச் சட்டத்தை ரத்து செய்தது. மாணவர்கள் பட்ட துன்பம் உண்மையானது. ஆனால் அவர்களைக் காட்டி இரக்கம் கோரியவர்கள், அதே ஆண்டில் விதிப்படி விண்ணப்பித்து, தகுதி இருந்தும் அந்த இடங்களை அடையாமல் போன மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களுக்கும் பெற்றோர் உண்டு, எதிர்காலம் உண்டு. சட்டசபையின் வாசலில் வந்து நிற்க ஒரு ஸ்தாபனம் மட்டும் அவர்களுக்கு இல்லை. எல்லாக் கட்சிகளும் ஒருமித்தன என்பது இத்தகைய சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும்போது நம் சந்தேகம் தணியவேண்டியதற்குப் பதிலாக வளரவேண்டும். எதிர்ப்பவர் எவரும் இல்லாத சபையில், இழப்பவரின் குரல் நுழைவதற்குத் துவாரமே இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் தனி மனிதரின் பெயரைச் சொல்லி நிவாரணம் அளிக்கும் சட்டங்களுக்கு முறையான வழி உண்டு. 1905 முதல் 1907 வரை இருந்த காங்கிரஸ் மட்டும் அத்தகையவை ஆறாயிரத்துக்கு மேல் நிறைவேற்றியது. ஜனாதிபதி கிளீவ்லண்ட் உள்நாட்டுப் போர் வீரர்களின் பெயரால் வந்த நூற்றுக்கணக்கான தனி பென்ஷன் மசோதாக்களை ஒவ்வொன்றாகப் படித்து நிராகரிக்க முடிந்ததென்றால், ஒவ்வொன்றிலும் பெயரும் வரலாறும் இருந்தன என்பதே காரணம். அதே நாட்டில் 1986-இன் வருமானவரிச் சீர்திருத்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். விலக்குகளை ஒழித்து எல்லோருக்கும் ஒரே நீதி செய்வதற்காக வந்தது அது. அதன் அடர்ந்த பக்கங்களுக்குள், 1917 ஜூன் 13 அன்று பதிவாகி, ஒக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில் நகரில் தலைமையிடம் கொண்ட கார்ப்பரேஷனுக்கு என்று ஒரு சலுகை இருந்தது. பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியைத் தவிர அந்த வர்ணனை வேறெதற்குப் பொருந்தும்? இம்மாதிரி வர்ணனைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தவர்களைக் கண்டுபிடிக்க, பிலடெல்பியா நகரத்துப் பத்திரிகையாளர்களான பார்லெட், ஸ்டீல் என்ற இருவர் பதினைந்து மாதம் உழைக்க வேண்டியிருந்தது. 1989-இல் அவர்களுக்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. பெயரை எழுதியிருந்தால் ஒரு நாளில் எவனும் படித்துத் தெரிந்துகொண்டிருப்பான்.

பெயர் சொல்லிச் சட்டம் செய்யும் கலையை முறைப்படுத்தியவர்கள் ஆங்கிலேயர். அவர்கள் பார்லிமெண்டில் தனியார் மசோதா என்பது தனி இனம். பயன் வேண்டுகிறவர் மனுவாகவே அதைக் கொண்டுவர வேண்டும். கெஜட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்யவேண்டும். செலவை அவரே ஏற்கவேண்டும். பாதிக்கப்படுகிறவர் எதிர்மனு கொடுத்து வக்கீல் வைத்து வாதாடலாம். அந்த விவகாரத்தில் தமக்கு ஸ்வயநலம் இல்லை என்று எழுதிக்கொடுத்த உறுப்பினர்களின் சிறு கமிட்டி, ஏறக்குறைய கோர்ட்டைப் போலவே அமர்ந்து, இச்சட்டம் ஏன் தேவை என்ற முகவுரையை மனுதாரர் நிரூபித்தாரா என்று தீர்க்கும். 1846-இல் மட்டும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ரயில்வேச் சட்டங்கள் இப்படிப் பிறந்தன. 1980-களிலும், பழைய விவாக விதியால் தடுக்கப்பட்டிருந்த சில தம்பதிகள் தங்கள் பெயரிலேயே சட்டம் பெற்று மணந்துகொண்டனர்; அவர்களுடைய அனுபவம் வழிகாட்ட, 1986-இல் பொதுவிதியே தளர்த்தப்பட்டது.

இந்த முறையைப் புனிதமானதென்று போற்றினால் நானும் ஒரு மாயையில் வீழ்ந்தவன் ஆவேன். 1857-க்கு முன் இங்கிலாந்தில் முழுமையான விவாகரத்து வேண்டியவர் தனிச்சட்டம் பெறவேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் நூற்றாண்டில் அப்படிப் பெற்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், அவர்களில் பெண்கள் நால்வரே. பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்க ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்கள் இதே மனு, இதே விளம்பரம், இதே கமிட்டி என்ற வழியில்தான் நிறைவேறின. கமிட்டியில் அமர்ந்தவர்கள் நிலப்பிரபுக்கள், மாடு மேய்த்த குடியானவனுக்கு வக்கீல் வைக்கக் காசில்லை. முறை மட்டும் நீதியைத் தந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அநீதிகளை இன்று நாம் எண்ணிச் சொல்ல முடிகிறதே, இத்தனை சட்டங்கள், இத்தனை ஏக்கர், இத்தனை பெண்கள் என்று, அதற்குக் காரணம் ஒவ்வொன்றும் யாருக்காக என்று எழுதிவைக்கப்பட்டதுதான். நம் நாட்டில் சென்ற எழுபத்தைந்து ஆண்டுகளில் பொதுச்சட்டத்தின் போர்வையில் எத்தனை தனியார் சட்டங்கள் நிறைவேறின என்று எவரால் எண்ணிச் சொல்ல முடியும்?

நம் பார்லிமெண்டின் விதிகளிலோ மாநிலச் சட்டசபைகளின் விதிகளிலோ இதற்கு இணையான ஏற்பாடு கிடையாது. தனி மனிதர்களையோ குறிப்பிட்ட ஸ்தாபனங்களையோ தொடும் மசோதா எதுவானாலும், அது யாருடைய நிலைமையை உத்தேசித்து எழுதப்பட்டது என்பதை நோக்கக் குறிப்பில் மந்திரி எழுதியே தீரவேண்டும் என்று ஒரு விதியும், அதனால் இழக்கிறவர்கள் கமிட்டியின் முன் வந்து பேச உரிமை உண்டு என்று ஒரு விதியும் செய்வதற்கு அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. சபைகள் தங்கள் நடைமுறை விதிகளில் சேர்த்துக்கொண்டால் போதும். இவை இரண்டையும்விட முக்கியமானது மூன்றாவது விதி: கோர்ட்டில் நிலுவையில் உள்ள ஒரு வழக்கின் கட்சிக்காரருக்கு, அந்த வழக்கு முடியும்வரை, புதிய சட்டம் பொருந்தாது. அவசர காலத்தில் இது சர்க்காரின் கைகளைக் கட்டிவிடும் என்பார்கள். சோலாப்பூர் ஆலையைப் போன்ற உண்மையான அவசரத்துக்கு இதில் தடை ஏதும் இல்லை. அங்கே சட்டம் பிறந்த பின்னரே வழக்குப் பிறந்தது.

1975-இல் அப்படி ஒரு விதி இருந்திருக்குமானால், ஆகஸ்ட் 11-ஆம் தேதி அப்பீல், தேர்தல் நடந்த நாளில் இருந்த சட்டத்தின்படியே விசாரணைக்கு வந்திருக்கும். மேடைக்கும் மின்சாரத்துக்குமாக ஒரு பிரதம மந்திரியின் தேர்தலை ரத்து செய்வது குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்று, அவரிடம் அனுதாபம் இல்லாதவர்களும் அந்நாளில் கருதினார்கள். தொடக்கத்தில் அவருக்காக வாதாடியவர் பிரபல வக்கீல் பால்கிவாலா. அதிகாரியின் ராஜிநாமாத் தேதியைப் பற்றியும், வேட்பாளர் ஆன நாளைப் பற்றியும் பழைய சட்டத்துக்குள்ளேயே வாதிப்பதற்கு இடமிருந்தது. இந்திரா காந்தி தோற்றிருக்கவும் கூடும், வென்றிருக்கவும் கூடும். வென்றிருந்தால், ராய் பரேலி வாக்காளர்களின் தீர்ப்பு சரியானதே என்று பழைய சட்டத்தின் வாயாலேயே சொல்லவைத்து, எவரும் குறை காணமுடியாத விதத்தில் அவர் தலைநிமிர்ந்து வெளியே வந்திருப்பார். அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தவர்கள், அவருக்காகவே சட்டம் செய்தவர்கள்.